சிங்கப்பூரில் உலகக் கோப்பையை யாரோடு, எங்கே பார்ப்பது?

தேவகோட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மே மாதம் வேலைக்குச் சிங்கப்பூர் போகிறாராம். ஊரில் கூட்டாளி வீட்டு முகப்பில் பத்துப் பதினைந்து பேர் கூடி உட்கார்ந்துதான் கால்பந்து பார்த்துப் பழக்கமாம். "அங்கே யாரையும் தெரியாது, ஜூன் மாதம் உலகக் கோப்பை தொடங்குகிறது, எங்கே போய்ப் பார்ப்பது? அர்ஜென்டினா சட்டையோடு போய் உட்கார்ந்தால் சிரிப்பார்களா? நியூஜெர்சியில் இருக்கும் அத்தை மகன் இறுதி ஆட்டத்துக்கு வா என்கிறான், போகலாமா?" என்று மூன்றாகக் கேட்டிருக்கிறார். எனக்கு இது மூன்றாகத் தெரியவில்லை. முன்பின் தெரியாதவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தால் நம்மையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்வார்களா என்பதுதான் கேள்வி. சேர்த்துக்கொள்வார்கள், தம்பி. எந்தக் கூட்டத்தில், எந்த நேரத்தில், எப்படிப் போய் உட்காருகிறீர்கள் என்பதில் கொஞ்சம் விவரம் இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் காரைக்குடிக்காரன். கோலாலம்பூர், சிங்கப்பூர், தோஹா என்று கணக்கு எழுதியே பாதி வயதைக் கழித்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். அந்த மூன்று ஊர்களில் கடையிலும் திடலிலும் ஸ்டேடியத்திலும் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஆட்டம் பார்த்ததில்லை. அதனால் நியூஜெர்சி பற்றிச் சொல்வதை மட்டும் அனுபவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், விதிமுறையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம், அது நேரம். பலரும் இடத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். 2026-இல் நேரம்தான் இடத்தைத் தீர்மானிக்கப் போகிறது. 2022 கத்தார் இறுதி ஆட்டம் நம் ஊரில் இரவு 8:30, சிங்கப்பூரில் இரவு 11. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பார்க்கிற நேரம். இந்த முறை ஆட்டங்கள் அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில். நியூயார்க்குக்கும் சிங்கப்பூருக்கும் ஜூன், ஜூலையில் சரியாக 12 மணி நேர வித்தியாசம். 48 அணிகள், 104 ஆட்டங்கள். ஜூன் 11 அன்று மெக்சிகோ நகரில் தொடங்கும் முதல் ஆட்டம் சிங்கப்பூரில் 12-ஆம் தேதி விடிகாலை 3 மணி. ஜூலை 19 இறுதி ஆட்டமும் அதே கதை, 20-ஆம் தேதி திங்கள் விடிகாலை 3 மணி. சிங்கப்பூரில் எம்.ஆர்.டி. கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், மறுபடி 5:30 வாக்கில்தான் தொடங்கும். ஆகவே 3 மணி ஆட்டத்தைத் தங்கும் இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் மட்டும் பாருங்கள். டாக்சிக்குக் கொடுக்கும் காசில் ஊருக்கு ஒரு சட்டை வாங்கி அனுப்பலாம்.

நமக்கு வாகானவை காலை ஆட்டங்கள். நியூயார்க் நேரப்படி மாலை 6-க்கும் இரவு 9, 10-க்கும் நடப்பவை சிங்கப்பூரில் காலை 6, 9, 10 மணிக்கு வரும். உங்கள் அர்ஜென்டினாவையே எடுத்துக்கொள்வோம். அல்ஜீரியா, ஆஸ்திரியா, ஜோர்டான் இருக்கும் பிரிவு. அல்ஜீரியாவோடு மோதுவது புதன்கிழமை காலை 9 மணி, வேலை நேரம், மறந்துவிடுங்கள். ஆஸ்திரியா ஆட்டம் திங்கள் நள்ளிரவு தாண்டி, செவ்வாய் விடிகாலை 1 மணி. ஜோர்டானோடு மோதுவது ஜூன் 28 ஞாயிறு காலை 10 மணி. உங்களுக்கு ஞாயிறு விடுமுறையாக இருந்தால் அதுதான் உங்கள் ஆட்டம். புது ஊரில் முதல் தடவை கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்க அதைவிடத் தோதான நேரம் கிடையாது. பகல் வெளிச்சம், ரயில் ஓடுகிறது, பக்கத்தில் இருப்பவரும் தூக்கக் கலக்கத்தில் இருக்க மாட்டார்.

அடுத்தது இடம். நம் பக்கத்து ஆட்கள் அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் இறங்கினால் எங்கே போவது என்று யோசிக்க வேண்டியதில்லை. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நகரத்தார் தங்கித் தொழில் செய்த கிட்டங்கி இருந்தது. ஆளுக்கொரு பெட்டி, ஒரு மேசை, ஒரே நீளக் கூடம். சாப்பாடும் தூக்கமும் தகவலும் அங்கேயே. இன்று அந்தத் தெருவில் உயரமான அலுவலகக் கட்டடங்கள்தான் நிற்கின்றன. புதிதாக வருபவனுக்கு அந்த வேலையைக் கொஞ்சமாவது செய்வது ஆட்டம் போடும் காப்பிக்கடை என்பது என் எண்ணம். எந்தக் கடையில் போடுவார்கள் என்பதை மட்டும் யாராலும் முன்கூட்டி அடித்துச் சொல்ல முடியாது. கடைக்காரர் தன் வீட்டுச் சந்தாவை வைத்துக் கடையில் ஆட்டம் காட்டக் கூடாது, வணிகச் சந்தா தனியாக வாங்க வேண்டும், அதற்குப் பணம் அதிகம். எந்தத் தொலைக்காட்சி உரிமம் வாங்குகிறது, எத்தனை ஆட்டம் இலவசம் என்பதெல்லாம் போட்டிக்குப் போட்டி மாறும். நான் சொல்லும் வழி இது: போய் இறங்கிய முதல் சில வாரங்களில் சனிக்கிழமை இரவு உங்கள் வட்டாரத்தில் ஒரு நடை நடந்து பாருங்கள். மே மாதக் கடைசி வரைக்கும் ஐரோப்பியப் போட்டிகள் ஏதாவது இருக்கும். எந்தக் கடையில் திரை ஓடுகிறதோ, எந்தக் கடையில் ஆட்கள் நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்களோ, அந்தக் கடைக்காரர் உலகக் கோப்பையை விடமாட்டார். இதைத் தவிர சமூக மன்றங்களில் பெரிய திரை கட்டி இலவசமாகக் காட்டுவது முந்தைய உலகக் கோப்பைகளில் நடந்திருக்கிறது, அங்கே விசாரியுங்கள். விடுதியில் தங்குவதாக இருந்தால் விடுதி அலுவலகத்திலும் கேளுங்கள். பாருக்குப் போய்ப் பார்ப்பது பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கிளாஸ் விலையில் காப்பிக்கடையில் ஒரு வாரம் உட்காரலாம்.

கடையில் உட்காரும் முறை என்று ஒன்று உண்டு, யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஒரு தேநீரை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. இடைவேளையில் இன்னொன்று சொல்லிவிடுங்கள், கடைக்காரர் மறுநாளும் முகம் பார்த்துச் சிரிப்பார். முன்வரிசையில் வயதானவர்கள் தினமும் உட்காரும் மேசை ஒன்று இருக்கும். அது காலியாகத் தெரிந்தாலும் காலி கிடையாது. கோல் விழும்போது எழுந்து நிற்கலாம், விழுந்த பிறகு உட்கார்ந்துவிட வேண்டும். முதல் நாளே பக்கத்து மேசைக்காரரிடம் ஆட்ட நுணுக்கம் பேசி அறிவைக் காட்ட வேண்டாம். "யார் ஆடுகிறார்கள், எத்தனை எத்தனை?" என்று கேட்டால் போதும். அதற்குப் பதில் சொல்லாத மனிதனை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை. அப்புறம், ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். நல்ல திரை தேடிக் கடை கடையாகத் தாவினால் கடைசி வரைக்கும் அன்னியனாகவே இருப்பீர்கள். சின்னத் திரையானாலும் ஒரே கடையில் நாலைந்து ஆட்டம் பார்த்தால் ஐந்தாவது ஆட்டத்துக்கு உங்களுக்கென்று நாற்காலி இழுத்துப் போடுவார்கள்.

மலேசியா பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் கூட்டத்தோடு ஆட்டம் பார்ப்பது எனக்குப் பிடிபட்டது அங்கேதான். அங்கே மாமாக் கடை என்று சொல்லும் சாப்பாட்டுக் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது தமிழ் முஸ்லிம்கள். ராமநாதபுரம் பக்கத்துப் பேச்சு கல்லாப்பெட்டியிலிருந்தே கேட்கும். பல கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கும். தெருவோரம் வரை மேசை போட்டு, தே தாரிக் என்ற ஆற்றிய தேநீரும் ரொட்டி சானாய் என்ற பரோட்டாவும் ஓடிக்கொண்டே இருக்க, மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மற்ற நாளில் தனித்தனி மேசையில் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் ஆட்டம் என்றால் மேசையைச் சேர்த்துப் போடுவார்கள். மலேசியக் கால்பந்தில் நம்மவர்களுக்குப் பெரிய இடம் உண்டு என்பதும் அந்தப் பேச்சில் நமக்கு ஒரு நுழைவுச் சீட்டு. கோல்கீப்பர் ஆறுமுகத்தை 'ஸ்பைடர்மேன்' என்று பழைய ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். 2010-இல் மலேசியா தென்கிழக்காசியக் கோப்பையை வென்றபோது பயிற்சியாளர் கே. ராஜகோபால். சிங்கப்பூரில் அதே மாதிரி பழைய ஆட்டக்காரர் வி. சுந்தரமூர்த்தி பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஐம்பது வயதைத் தாண்டிய எந்த ஆளும் காப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார். விடுமுறை நாளில் சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாரு போய்ப் பார்க்க ஆசை வந்தால், இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு 2026 டிசம்பர் 31 வரை இருக்கிறது, டிஜிட்டல் வருகை அட்டையைப் போவதற்கு முன்னாலேயே நிரப்பிவிடுங்கள். திரும்பி வரும் பாலத்து நெரிசலைக் கணக்கில் வைக்காமல் மறுநாள் காலை வேலைக்கு வந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இப்போது அந்த அர்ஜென்டினா சட்டை. இந்தச் சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 2022 நவம்பரில் உலகக் கோப்பை தொடங்குவதற்கு முந்தைய நாட்களில் தோஹாவில் மலையாளிகள் அர்ஜென்டினா, பிரேசில், இங்கிலாந்து சட்டைகளில் மேளம் அடித்து ஊர்வலம் போனார்கள். அதை வீடியோவில் பார்த்த மேல்நாட்டுப் பத்திரிகைகள் சில, இவர்கள் காசுக்குப் பிடித்த போலி ரசிகர்கள் என்று எழுதின. கோழிக்கோட்டுப் பக்கம் புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ரொனால்டோவுக்கும் ஆளுயரத்தைப் பல மடங்கு தாண்டிய கட்அவுட் நிற்கிறது என்று அந்த நிருபர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஃபிஃபா தலைவரே அந்தப் போலி ரசிகர் பேச்சை மறுத்துப் பேசும்படி ஆனது. நான் அந்த மாதம் அங்கே இருந்தவன் என்பதால் சொல்கிறேன், அர்ஜென்டினாவிலிருந்து வந்தவர்கள் யாரும் நீ உண்மையான ரசிகனா என்று கேட்கவில்லை. தங்கள் சட்டையைப் போட்டவனைப் பார்த்தால் கட்டிப்பிடித்தார்கள். பாட்டின் ஒரு வரியைக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் விட்டார்கள்.

மொழி தெரியாதது எவ்வளவு சின்ன விஷயம் என்பதை எனக்குக் காட்டியவர்கள் மொராக்கோக்காரர்கள். எதிரணியிடம் பந்து போன கணமே விசிலடிக்கத் தொடங்கி, பந்து திரும்பி வரும் வரை நிறுத்த மாட்டார்கள். டிசம்பர் 6 அன்று ஸ்பெயினோடு பெனால்டி வரைக்கும் போன ஆட்டத்தைத் தோஹாவில் பெரிய திரையின் முன்னால் அவர்கள் நடுவில் நின்று பார்த்தேன். அரபியும் பிரெஞ்சும் கலந்து ஏதோ சொன்னார்கள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் வாயில் விரலை வைத்துக் காட்டினார், நானும் அடித்தேன். அதற்கப்புறம் நான் யார், எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. மொராக்கோவின் ஹக்கிமி கடைசிப் பந்தை மெதுவாக நடுவில் தட்டிவிட்டபோது அந்தப் பெரியவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் கண்ணாடி கழன்று விழுந்தது. அரையிறுதி வரை போன முதல் ஆப்பிரிக்க அணி அது. யாருக்கு அந்த ஆட்டம் வாழ்க்கைப் பிரச்சினையாக இருக்கிறதோ அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்வதுதான் வெளிநாட்டில் ஆட்டம் பார்ப்பதில் இருக்கிற ருசி. நம் வீட்டு முகப்பில் அது கிடைக்காது. உங்களுக்கு ஆதரவு அர்ஜென்டினாதான் என்றாலும் சிங்கப்பூரில் ஜப்பான்காரர்கள், கொரியாக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் அணி ஆடும் நாளில் அவர்களோடு ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள்.

ஒரு சட்டை விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. ஒரு அணியின் ரசிகர்கள் கூடியிருக்கும் இடத்துக்கு எதிரணிச் சட்டையில் போகாதீர்கள். 2022-இல் சவூதி அரேபியா அர்ஜென்டினாவை 2–1 என்று கவிழ்த்த அன்று மாலை, அர்ஜென்டினாச் சட்டையைப் பார்த்தால் போதும், "மெஸ்ஸி எங்கே?" என்று தோஹா முழுக்கத் துரத்தித் துரத்திக் கேலி செய்தார்கள். அங்கே அது விளையாட்டாக முடிந்தது, எல்லா இடத்திலும் அப்படி முடியும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஸ்டேடியத்தில் இந்த விதி இன்னும் கறார். 2025 அக்டோபர் 9 அன்று இந்தியாவும் சிங்கப்பூரும் சிங்கப்பூர் தேசிய அரங்கில் 1–1 என்று சமன் செய்த ஆட்டம் மாதிரி மறுபடி ஒன்று வந்தால், டிக்கெட் வாங்கும்போதே வெளியணி ரசிகர்களுக்கான பகுதி எது என்று பார்த்து வாங்குங்கள். விலை குறைவென்று உள்ளூர் ஆட்கள் பகுதியில் வாங்கிவிட்டு நீலச் சட்டையில் போனால், காவலர்கள் சட்டையை மாற்றச் சொல்லலாம்.

சட்டம் பற்றிய இந்த ஒரு பத்தியை மட்டும் தயவுசெய்து மேலோட்டமாகப் படிக்காதீர்கள். சிங்கப்பூரில் இரவு 10:30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமை காலை 7 தொடங்கி திங்கள் காலை 7 வரை தெருவில் கையில் வைத்துக் குடிக்கவே கூடாது. விடிகாலை 3 மணி ஆட்டம் என்றால் கடைக்கு வெளியே டின்னோடு நின்றாலே மாட்டிக்கொள்வீர்கள். பந்தயம் அதைவிட மோசம். கால்பந்துப் பந்தயத்துக்கு உரிமம் பெற்ற இடம் சிங்கப்பூர் பூல்ஸ், உரிமம் இல்லாதவர்களிடம் பந்தயம் கட்டினால் குற்றம். 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுகிறவருக்கே 10,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. விடுதியில் யாராவது வாட்ஸ்அப்பில் "சும்மா அஞ்சு வெள்ளிதான்" என்று குழு தொடங்குவார். உடனே வெளியேறிவிடுங்கள். வேலை அனுமதி போனால் ஊரில் வாங்கிய கடனை அவர் கட்ட மாட்டார்.

ஊர்க் கூட்டாளிகளை வீடியோ அழைப்பில் வைத்துக்கொண்டு சேர்ந்து பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல யோசனை, ஆனால் ஒரு தொல்லை உண்டு. செல்போன் ஆப்பில் வரும் ஒளிபரப்பு, டிஷ் ஒளிபரப்பைவிடச் சில வினாடிகளிலிருந்து அரை நிமிடத்துக்கு மேல்கூடப் பின்தங்கி வரும். தேவகோட்டையில் அவர்கள் கத்தி முடித்த பிறகுதான் உங்கள் திரையில் பந்து பெட்டிக்குள்ளேயே போகும். இதை முழுக்கச் சரிசெய்வது கஷ்டம். ஆட்டம் நடக்கும்போது குழுவை மௌனத்தில் போட்டுவிட்டு இடைவேளையில் பேசுங்கள். இன்னொன்று, முகப்புச் சுவரில் புரொஜெக்டர் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். நம் வீட்டுச் சுவர் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பில் வழவழப்பாகத் தேய்த்தது, வெளிச்சம் பட்டால் பளபளக்கும், அதில் படம் தெளிவாக விழாது. வெள்ளை வேட்டி ஒன்றை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். வீட்டு ஆச்சியிடம் கேட்டுவிட்டு ஆணி அடிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக நியூஜெர்சி. நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இறுதி ஆட்டம் மெட்லைஃப் அரங்கத்தில். 2025 செப்டம்பரில் ஃபிஃபா அறிவித்த விலை, பிரிவு ஆட்டங்களுக்கு 60 டாலரில் தொடங்கி இறுதி ஆட்டத்துக்கு 6,730 டாலர் வரை. அதுவும் தேவைக்கேற்ப ஏறி இறங்கும் விலை. ஃபிஃபாவின் மறுவிற்பனைத் தளத்தில் வாங்கினால் வாங்குபவரிடமும் 15 சதவீதம், விற்பவரிடமும் 15 சதவீதம் பிடித்துக்கொள்கிறார்கள். டிக்கெட் கையில் இருந்தால் விசா நேர்காணலுக்கு முன்னுரிமைத் தேதி கிடைக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள், விசா தருவதாகச் சொல்லவில்லை. வேலையில் சேர்ந்து இரண்டே மாதம் ஆன ஒருவர் நேர்காணலில் போய் நிற்கும்போது அதிகாரி என்ன கேட்பார் என்று நீங்களே யோசியுங்கள். முதலாளியிடம் விடுப்புக் கேட்பது அதைவிடச் சங்கடம். அத்தை மகனிடம் இறுதி ஆட்டத்தன்று அவர் வீட்டில் எத்தனை பேர் கூடுகிறார்கள் என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், போதும்.

ஸ்டேடியத்தில்தான் பார்க்க வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் அதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. உலகக் கோப்பை முடிந்த சில நாட்களில், ஜூலை கடைசியில் தென்கிழக்காசிய நாடுகளுக்கான ஆசியான் கோப்பை தொடங்குகிறது. சிங்கப்பூர் அணி இப்போதுதான் 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற உற்சாகத்தில் இருக்கிறது. அந்தத் தகுதிச் சுற்றில் கோவாவில் வந்து நம் இந்திய அணியை அவர்கள் ஜெயித்ததும் ஒரு படி, அந்தக் கேலியைக் கேட்கத் தயாராகப் போங்கள். அதற்குள் உங்கள் காப்பிக்கடையில் ஒரு மாதப் பழக்கம் ஆகியிருக்கும். அங்கே உட்காருகிறவர்களில் இரண்டு பேராவது உள்ளூர் ஆட்டத்துக்குப் போகிறவர்களாக இருப்பார்கள், அவர்களிடம் டிக்கெட் சேர்த்து எடுக்கச் சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு மட்டும் அர்ஜென்டினாச் சட்டை வேண்டாம், சிங்கப்பூர் அணியின் சிவப்பில் எதையாவது போட்டுக்கொள்ளுங்கள்.